மீன் தொட்டிப் பஞ்சும் ரோசிலி அக்கா வீட்டு ஓடும்

அன்றைக்கு வெட்ட வேண்டிய அந்த அயினி மரத்தடியில் தாணு அண்ணன் இருந்தார். டென்னிஸ் இருந்தான். வடம் பிடிக்க இரண்டு பேர் இருந்தார்கள். வீட்டுக்காரி ரோசிலி அக்கா, தூரப் போகச் சொல்லியும் போகாமல், மரம் விழாத பக்கத்துத் தோட்டத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கையில் போனோடு நான் இருந்தேன். எங்கள் மிஷின் ரிப்பேர் கடை முதலாளி இல்லை. சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனவர் போனை அணைத்து வைத்துவிட்டார். லைன்மேனும் இல்லை, டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் நின்ற அவருடைய குரல் மட்டும் என் கையிலிருந்த போனில் இருந்தது. யாரையாவது கேட்டு முடிவெடுக்கலாம் என்றால் கேட்க ஆளில்லாத நாள் அது. கடையில் வேலை பழகுகிற தம்பிமாரே, இதற்கு மேல் வாசிக்கும்போது இதை மட்டும் மறக்க வேண்டாம்.

நான் இந்த மாதக் கடைசியோடு கடையை விட்டுப் போகிறேன். ஐ.டி.ஐ. ஒன்றில் பாடம் நடத்தும் வேலை கிடைத்திருக்கிறது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்தவன் நான்தான் முதல் ஆள். இப்போது அடுத்தவனுக்குப் படிப்பிக்கப் போகிறேன் என்றதும் கீரிப்பாறை எஸ்டேட்டில் ரப்பர் பால் வெட்டுகிற அப்பா இரண்டு நாள் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. சந்தோஷம் வந்தால் அவர் அப்படித்தான். போகிற நேரத்தில் உங்களுக்கு எதையாவது எழுதி வைக்கலாம் என்று உட்கார்ந்தேன். பிளக் மாற்றுவது, செயின் தீட்டுவது, கார்புரேட்டர் கழற்றுவது இதெல்லாம் கருங்கல் சந்தைக்கு நடுவில் இருக்கிற நம் கடையில் நின்றாலே கைக்கு வந்துவிடும். கைக்கு வராத ஒன்றை நான் அந்த அயினி மரத்தடியில் பார்த்தேன். அதைச் சொல்கிறேன்.

நம்மிடம் வருகிற, மரம் அறுக்கும் செயின் மிஷின்களுக்கு மழைக்காலத்தில் பல நோய். வெயில் காலத்தில் ஒரே நோய்தான், தூசி. இஞ்சின் மூச்சு விடுகிற பொருள். மரத்தூளை ஃபில்டர் தடுத்துவிடும். மண்தூசி அப்படியல்ல, மாவு போல இருக்கும், ஃபில்டர் ஓரத்தில் மயிரிழை இடைவெளி கிடைத்தாலும் உள்ளே போய்விடும். போனால் பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி. அதிலும் கரையான் ஏறிய பட்ட மரம் என்றால் கேட்கவே வேண்டாம். மரத்துக்குள்ளே மண். வாள் பட்டதும் செங்கல் சூளையில் நிற்பது போல இருக்கும்.

இதற்கு என்ன செய்யலாம் என்று நான் யோசித்துக்கொண்டே இருந்தேன். ஒரு லீவு நாளில் அப்பா ரப்பர் பாலை வடிகட்டி ஊற்றுவதைப் பார்த்தேன். பட்டைத் துணுக்கும் இலையும் முதலில் பெரிய கண் வைத்த அரிப்பில், அதாவது சல்லடையில் நிற்கும். பிறகுதான் பால் சின்னக் கண் அரிப்புக்குப் போகும். சின்ன அரிப்பில் நேரே ஊற்றினால் அடைத்துக்கொள்ளும். அவ்வளவுதான் விஷயம். நம் மிஷினில் இருப்பது சின்ன அரிப்பு மட்டும். அதற்கு மேலே ஒரு பெரிய அரிப்பு வேண்டும். வடசேரியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது மீன் தொட்டி விற்கிற கடையில் பஞ்சு தொங்கியது. ஊதிப் பார்த்தேன், காற்று சுகமாகப் போனது. வாங்கி வந்து, உறை போல வெட்டித் தைத்து, ஆயில் லேசாகத் தடவிப் பிழிந்து, ஃபில்டருக்கு மேல் மாட்டினேன். ஃபில்டர் உட்காருகிற விளிம்பில் கொஞ்சம் கிரீஸ்.

இதை மாட்டிப் பார்க்க ஒரு ஆள் வேண்டுமே. டென்னிஸிடம் போனேன்.

டென்னிஸ் என்னோடு எட்டாம் வகுப்பு வரை ஒரே பெஞ்சில் இருந்தவன். அடக்கம் என்பது அவனிடம் மருந்துக்கும் கிடையாது. தக்கலைக்கு மேற்கே தன்னைப் போல மரம் சாய்க்க ஆளில்லை என்று டீக்கடையில் உரக்கச் சொல்லுவான். யாராவது மறுத்தால் சந்தோஷப்பட்டு இன்னும் உரக்கச் சொல்லுவான். பஞ்சைப் பார்த்ததும் சிரித்தான்.

“மிஷினுக்கு மாஸ்க் போடுதியா மக்கா? கொரோனா எல்லாம் போயாச்சுல்லா?”

“ஒரு வாரம் போட்டுப் பாருடே.”

திருப்பித் திருப்பிப் பார்த்தான். வாயில் வைத்து ஊதினான். பிறகு சொன்னான்: “கொள்ளாம். ஆனா ஒண்ணு போதாது. இன்னொண்ணும் தா. ஃபில்டரும் ரெண்டு வேணும். கல்யாணத்துக்குப் போறவன் ஒத்தச் சட்டையோடயா போவான்? அழுக்கானா மாத்தாண்டாமா?”

பஞ்சு என் யோசனை. இரண்டாவது செட் அவன் யோசனை. அன்றைக்கு வீட்டைக் காப்பாற்றியதில் எது பெரிது என்று எங்களுக்குள் இன்னும் தீராத வழக்கு.

இனி அந்த மரம். ரோசிலி அக்காவுக்கு ஊர் கடற்கரை. கல்யாணமாகி உள்நாட்டுக்கு வந்தவர். கணவர் இறந்த பிறகு தலையில் பெட்டி சுமந்து மீன் விற்றார். பின்னால் ஸ்கூட்டி வாங்கி அதில் பெட்டி கட்டி விற்றார். அந்த வருமானத்தில் எழுப்பிய ஓட்டு வீடு. பின்பக்கம் எல்லையில் ஒரு பெரிய அயினி, பட்டுப்போய், வேரெல்லாம் கரையான். போன மழைக்கு அது வீட்டைப் பார்த்துச் சாய்ந்துவிட்டது. இந்தப் பக்கம் வீடு. அந்தப் பக்கம் கரன்ட் கம்பி. நடுவில் மரச்சீனிக் கிழங்கு போட்ட ஒரு விளை. மரம் விழலாம் என்றால் அந்த விளையில் மட்டும்தான் விழலாம். ஏறிக் கிளை கழிக்கவும் வழியில்லை. பட்ட கிளை, கால் வைத்தால் ஆளோடு வரும்.

வேலையை எடுத்தவர் தாணு அண்ணன். எத்தனையோ பெரிய மரங்களைச் சாய்த்தவர், கூட்டத்துக்குத் தலைவர். டென்னிஸ் அவருக்குக் கீழே. கரையான் மரத்தில் பஞ்சு எப்படித் தாங்குகிறது என்று பார்க்கத்தான் நான் போனேன். போனதும் தாணு அண்ணன் என் கையில் தன் போனைக் கொடுத்துவிட்டார். “லைன்மேன் கூப்பிடுவாரு. நீ படிச்ச பய, மரியாதையா பேசுவ.” மதியம் வரை கம்பியில் கரன்ட் வராது என்று ஏற்பாடு.

ரோசிலி அக்கா நாற்காலியிலிருந்து சொன்னார்: “தாணு அண்ணே, எனக்க வீட்டுல ஒவ்வொரு ஓட்டுக்கும் ஒரு பெட்டி சாளை மீனு வித்திருக்கேன், கேட்டியளா? மரத்துக்கிட்ட சொல்லி வையுங்க.”

“மரம் நான் சொன்னா கேக்கும் அக்கா.”

“எனக்க மாப்பிளையும் இப்பிடித்தான் சொல்லுவாரு. ஒரு கோழி கூட கேட்டதில்ல.”

வடத்தைக் கல் கட்டி எறிந்து மேலே ஏற்றி, விளையின் அந்தக் கரையில் இருந்த தென்னை மரத்தில் ஒரு சுற்றுப் போட்டு, இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள். தாணு அண்ணன் தன் பெரிய மிஷினை எடுத்தார். விழ வேண்டிய பக்கத்தில் திறந்த வாய் மாதிரி ஒரு துண்டு வெட்டி எடுத்தார். அழகான வெட்டு. பிறகு மரத்துக்குப் பின்னால் போய் மறுவெட்டு தொடங்கினார். அங்கேதான் கரையான் மண் அடைந்து கிடந்தது. சிவப்பாகப் புகை மாதிரி எழும்பியது. அவர் மிஷினை நிறுத்தி, கழுத்தில் கிடந்த துவர்த்துத் துண்டைத் தண்ணீரில் நனைத்து, மிஷினின் பக்கவாட்டில், காற்று போகிற துளைகள் மேல் சுற்றிக் கட்டினார். மரத்துக்கு அந்தப் பக்கம் நடந்ததால் நான் பார்த்தபோது மிஷின் மறுபடியும் வெட்டில் இருந்தது. வெட்டில் இருக்கிறவனைக் கூப்பிடக்கூடாது. அவன் தலை திரும்பினால் கையும் திரும்பும். இது உங்களுக்கும் சேர்த்துத்தான்.

தாணு அண்ணனை நான் குறை சொல்ல மாட்டேன். குழியில் நின்று கைவாளால் பலகை அறுத்த காலத்தில் அவர்கள் ஈரத் துவர்த்தால் மூக்கைக் கட்டிக்கொள்வார்களாம். தன் மூக்குக்குச் செய்த மரியாதையை மிஷினுக்கும் செய்தார். ஆனால் அந்தத் துளைகள் மிஷினுக்கு மூக்கு மட்டுமல்ல, விசிறியும் அதுதான். அந்த வழியாகப் போகிற காற்றில் கொஞ்சம்தான் இஞ்சின் குடிக்கிறது. மற்றதெல்லாம் சிலிண்டரைக் குளிர வைக்க. தூசியும் தண்ணீரும் சேர்ந்து துவர்த்து சுவர் பூசின மாதிரி ஆகிவிட்டது. வெளியிலிருந்து தூசி போகவில்லை, உண்மைதான். காற்றும் போகவில்லை.

மிஷின் சத்தம் திடீரென்று ஒரு சுருதி ஏறி, கீச்சென்று நின்றது. அவர் வாளை மெல்ல வெளியே இழுத்தார். மிஷினைக் கிளப்புகிற கயிற்றை இழுத்தார். கயிறு வரவில்லை. பிஸ்டன் உள்ளே பிடித்துக்கொண்டது. துவர்த்து கருகுகிற வாசனை.

மறுவெட்டு பாதி கூட ஆகவில்லை. மரம் மேலே எங்கேயோ ஒரு முறை முனகியது. தாணு அண்ணன் மிஷினைக் கீழே வைத்துவிட்டு டென்னிஸைப் பார்த்தார். அவர் கண்ணில் பதறுகிற வெப்ராளம் தெரிந்தது. ஆனால் குரலில் இல்லை.

“எலே, ஒனக்க மிஷின எடு.”

டென்னிஸின் மிஷின் சின்னது. அவன் முதலில் செய்தது ஆப்பு அடித்ததுதான். வெட்டிய இடத்தில் இரண்டு ஆப்பை இறக்கி, மரம் பின்னால் வீட்டைப் பார்த்து உட்காராதபடி நிறுத்தினான். பிறகு வெட்டத் தொடங்கினான். மண்தூசி அவனையே மறைத்துவிட்டது. சத்தம் மட்டும் கேட்டது. நான் அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தேன். என் பஞ்சு அதற்குள்ளே இருந்ததே.

அப்போது லைன்மேனின் போன் வந்தது.

“முடிஞ்சா? இஞ்ச ஊருக்காரனுவ எனக்க உயிர வாங்குதானுவ. ஒரு வீட்டுல மோட்டார் போடணுங்கான், ஒருத்தன் மாவு மில்லு வச்சிருக்கான். லைன் குடுத்திரட்டா?”

“இல்ல சார். மரம் பாதி வெட்டுல நிக்குது. ஒரு மிஷின் நின்னு போச்சு.”

“இப்ப முடிஞ்சிரும்னு சொல்லுதியா, இல்ல முடியாதுன்னு சொல்லுதியா?”

இந்த இடத்தில் யாருக்கும் வாயில் வருகிற பதில் ‘இதோ ஆச்சு’ என்பதுதான். நம் தொழிலில் நாள் முழுக்க நாம் சொல்வதும் அதுதான். வாடிக்கையாளர் கேட்டால் இதோ ஆச்சு, முதலாளி கேட்டால் இதோ ஆச்சு. என் வாய் வரைக்கும் வந்துவிட்டது. மேலே பார்த்தேன். கம்பி பக்கத்தில் ஒரு கிளை ஆடிக்கொண்டிருந்தது.

“எப்ப முடியும்னு தெரியாது சார். நான் கூப்பிடுறது வரைக்கும் குடுக்காதீங்க. மரம் தப்பினா கம்பியில விழலாம்.”

பின்னணியில் யாரோ அவரைத் திட்டுவது கேட்டது. பிறகு அவர், “சரி மக்கா. நான் சுவிட்ச விட்டு நகரல. திட்டுதவன் திட்டட்டு. நீ முடிச்சிட்டே கூப்பிடு” என்றார். அந்த மனிதரின் முகத்தை நான் இன்று வரை பார்த்ததில்லை. பார்த்தால் காலில் விழ மாட்டேன், ஆனால் ஒரு சாயா வாங்கிக் கொடுப்பேன்.

போனை வைக்கும்போது டென்னிஸின் மிஷின் குரல் மாறியது. நிற்கவில்லை. அழுத்தினால் முன்பு பாய்ந்தது, இப்போது இழுத்தது, தொண்டையில் சளி கட்டின மாதிரி. தாணு அண்ணனுக்கும் அது கேட்டது.

“விடாத! அமுக்குலே! இன்னும் கொஞ்சந்தான்!”

வடம் பிடித்தவர்களும் கத்தினார்கள்: “அமுக்கு, அமுக்கு!”

டென்னிஸ் மிஷினை அணைத்தான்.

அணைத்து, வாளை உருவி, மரத்தைப் பார்த்தபடியே பின்னால் நடந்து, எங்கள் பக்கம் வந்து, மிஷினை ஒரு கல்லின் மேல் வைத்தான். தாணு அண்ணன் முகம் சிவந்துவிட்டது.

“எலே கிறுக்கா, என்ன செய்யுக? மரம் நிக்க நிலை பாத்தியா?”

“பாத்துட்டுதான் வந்தேன் அண்ணே. இப்ப நிறுத்தினா மரத்தைப் பிடிச்சு நிக்க தடி மிச்சம் உண்டு. ஆப்பு உண்டு. வடம் உண்டு. இன்னும் நாலு விரக்கடை ஆழம் போன பெறவு இந்த மிஷின் தானா நின்னுதுன்னு வையுங்க, எவன் பக்கத்துல போவான்? நீங்க போவியளா?”

தாணு அண்ணன் மரத்தை அண்ணாந்து பார்த்தார்.

“தானா நிக்கதுக்கு முன்ன நாம நிறுத்தணும். வடத்த இறுக்கிப் பிடிக்கச் சொல்லுங்க.”

நான் உங்களுக்குச் சொல்ல வந்தது இந்த ஒரு இடம்தான். தம்பிமாரே, எல்லாரும் அமுக்கு என்று கத்தும்போது, தலைக்கு மேலே மரம் முனகும்போது, மிஷின் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதை நிறுத்துகிற ஒரு மனசு. பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கணக்குப் பாடத்தில் தூங்கியவன். எங்கேயிருந்து வந்தது அது என்று எனக்குத் தெரியாது. கேட்டால் “எனக்க பிறவிக்குணம்” என்பான். இந்த ஒரு விஷயத்தில் அவன் பீற்றுவதை நான் மறுப்பதில்லை.

தாணு அண்ணனும் சும்மா நிற்கவில்லை. கோபத்தை அப்படியே விழுங்கிவிட்டு, போய் வடத்தில் தன் கையையும் கொடுத்தார். தலைவனாக இருக்கிறவன் இப்படி மாறி நிற்பதும் லேசான காரியமல்ல.

டென்னிஸ் கை நீட்டினான். “துவர்த்து தா.” கீழே கிடந்த தாணு அண்ணனின் கருகிய துவர்த்தை எடுத்துக் கொடுத்தேன். காய்ந்த பக்கமாக மடக்கி, ஃபில்டர் மூடியைச் சுற்றி முதலில் துடைத்தான். பிறகு சோக்கை மூடினான், திறக்கும்போது தூசி கார்புரேட்டர் தொண்டையில் விழாமல் இருக்க. பிறகுதான் மூடியைக் கழற்றினான். அவசரத்தில் முதல் இரண்டில் ஒன்றை விட்டிருந்தாலும், ஃபில்டரை மாற்றினதே வீணாகியிருக்கும்.

பஞ்சு செங்கல் துண்டு மாதிரி இருந்தது. பிழிந்தால் மண் உதிரும். அதை உருவினால் உள்ளே ஃபில்டர் கிட்டத்தட்ட வெள்ளையாகவே இருந்தது. அடைத்தது பஞ்சுதான், உள்ளே ஒன்றையும் விடவில்லை. பெரிய அரிப்பு தன் வேலையைச் செய்திருந்தது. நான் அதையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ரசிக்கிற நேரமா அது?

ரோசிலி அக்கா எப்போது எழுந்து வந்தார் என்று தெரியவில்லை. என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

“இது மீனு தொட்டியில போடுத பஞ்சுல்லா?”

“ஆமா அக்கா.”

“மாதாவே! எனக்க வீட்டுக்க தலையெழுத்து மீன் தொட்டிப் பஞ்சுலயா கெடக்கு?”

டென்னிஸ் இடுப்புப் பையிலிருந்து பால் கவரில் சுற்றின இரண்டாவது செட்டை எடுத்தான். “மீனு வித்து கெட்டின வீட்ட மீன் தொட்டிப் பஞ்சு காப்பாத்தாதா அக்கா? போய் நாற்காலில இருங்க. தூரமாட்டு.”

அக்கா போனார். போகிற போக்கில் சிலுவை போட்டுக்கொண்டார். வீட்டைப் பார்த்துப் போட்டாரா பஞ்சைப் பார்த்துப் போட்டாரா தெரியாது.

புதுப் பஞ்சும் ஃபில்டருமாக மிஷின் ஒரே இழுப்பில் எழுந்தது. பழைய குரல். டென்னிஸ் ஆப்பை இன்னும் ஒரு தட்டு தட்டிவிட்டு வெட்டில் இறங்கினான். இந்தத் தடவை யாரும் கத்தவில்லை. சிவப்புத் தூசி மறுபடி எழும்பியது. மிஷின் குரல் இறங்கவே இல்லை. மேலே ஒரு நீளமான முறிவுச் சத்தம். அவன் மிஷினைத் தூக்கிக்கொண்டு பின்வாங்கினான். தாணு அண்ணன் “இழு!” என்றார். அயினி ஒரு நொடி வீட்டைப் பார்த்துத் தயங்கினது போல எனக்குத் தோன்றியது. பிறகு வடம் போன வழிக்குத் திரும்பி, மரச்சீனி விளையில் நீளமாகப் படுத்தது. தரை அதிர்ந்தது. தூசி அடங்கின பிறகு பார்த்தால் கம்பி அப்படியே இருந்தது.

போகிற வேகத்தில் ஒரு சுள்ளிக் கிளை மட்டும் வீட்டுக் கூரை ஓரத்து இறப்பை உரசிப் போயிருந்தது.

லைன்மேனைக் கூப்பிட்டேன். “ஆச்சு சார்” என்றேன். “கொள்ளாம்” என்றார். அவ்வளவுதான். அடுத்த நிமிஷம் பக்கத்து வீட்டில் டிவி சத்தம் கேட்டது.

ரோசிலி அக்கா மரத்தைப் பார்க்கவே இல்லை. நேரே இறப்புக்குக் கீழே போய், உடைந்த ஓட்டுத் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சேர்த்தார். ஒட்ட வைப்பது போலச் சேர்த்து வைத்துப் பார்த்தார். பிறகு உள்ளே போய் எல்லாருக்கும் பாலில்லாத கட்டன்சாயா கொண்டு வந்தார். டென்னிஸுக்கு மட்டும் பெரிய டம்ளர்.

“ஓட்டுக்க பைசா?” என்றார், தாணு அண்ணனைப் பார்த்து.

“தாறேன் அக்கா.”

“நீங்க சொன்னா மரம் கேக்கும்னிய?”

“பாதி கேட்டுச்சுல்லா?”

அக்கா அப்போதுதான் சிரித்தார். சிரித்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

தாணு அண்ணன் மறுநாள் மிஷினைக் கடைக்குக் கொண்டு வந்தார். நான் பிரித்துக் காட்டினேன். பிஸ்டன் பக்கவாட்டில் நகத்தால் பிறாண்டின மாதிரி கீறல். முதலாளி, “என்ன அண்ணே செஞ்சிய?” என்று கேட்டதற்கு, ஒளிக்காமல் மறைக்காமல், “மூக்கக் கெட்டுதேன்னு விசிறியக் கெட்டிட்டேன்” என்றார். பழைய பிஸ்டனைத் தூக்கிப் போடப் போனேன். அவர் தடுத்தார். “கடைக்கு வரப்பட்ட பயலுவளுக்குக் காட்டு. தாணு செஞ்சதுன்னே சொல்லு.” பில் பறக்காமல் இருக்க மேசையில் நீங்கள் வைக்கிற அந்தக் கீறல் பிஸ்டன் அவருடையதுதான். பெயரைச் சொல்லச் சொன்னதால் சொல்லிவிட்டேன். அதைத் தொடும்போது கொஞ்சம் மரியாதையாகத் தொடுங்கள்.

இப்போது தாணு அண்ணன் மிஷினிலும் பஞ்சு இருக்கிறது. பையில் இரண்டாவது செட் இருக்கிறது. துவர்த்து பழையபடி அவர் கழுத்தில்.

அந்த அயினியால் எல்லாருக்குமாக ஆன செலவை முதலாளி கடைசியில் கூட்டிப் பார்த்தார். பஞ்சு, அறுபது ரூபாய். பெரிய மிஷினுக்குப் பிஸ்டன், சிலிண்டர், கூலி சேர்த்து ஏழாயிரத்து நானூறு. ரோசிலி அக்கா வீட்டுக்கு, ஓடு இரண்டு, எண்பது ரூபாய்.